வெஸ்ட்லியில் வாசித்த அடக்கப் பிரசங்கங்கள்

என் மனைவியை அடக்கம் செய்த அன்று, ஆலய மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது, மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு தட்டும் அதில் ஒரு கேக் துண்டும் இருந்தன. அதை அவர் தொடவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்:

"உனக்குப் பழைய ஜேர்மன் எழுத்து வாசிக்கத் தெரியுமோ?"

"கையெழுத்தோ, அச்சோ?"

"அச்சு."

"அச்செண்டால் வாசிப்பன்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வா."

தன் மகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அந்த இடத்தில் அப்படி ஒரு கேள்வி எனக்கு விசித்திரமாகவும் படவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே விசித்திரமாகப் படவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியில் கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படித்தான் முழு உடம்பும் இருந்தது. ஆட்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள். யாரோ ஒருவனைக் கட்டிப்பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை மாமா என்று இங்கே எழுதுகிறேன். நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லை. நோர்வேக்காரர் மாமனாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதற்கு வாய் வராது. கல்யாணம் செய்த காலம் முழுக்க அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே காலம் தள்ளினேன். அவர் என்னோடு பேசியது நோர்வே மொழி. எனக்கு அது நினைவில் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அந்த மொழியில் நீயும் நீங்களும் ஒன்றுதான். என் காதில் மட்டும் அவர் எனக்கு நீ என்பார், நான் அவருக்கு நீங்கள் என்பேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஜேர்மனியில். அகதியாக வந்த என் பெற்றோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒஸ்லோவுக்கு வேலைக்கு வந்த இடத்தில் அவளைச் சந்தித்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நகரத்தின் ஒரு கோடியில், மோர்டென்ஸ்ருட்டில், எங்களுக்கு ஒரு வரிசை வீடு. வசந்தத்தில் அவளுக்கு வயிற்றில் புற்று என்றார்கள். இலையுதிர் காலம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாமா நகரத்தின் மறுகோடியில், வெஸ்ட்லியில், ஓர் உயர்ந்த அடுக்குமாடியில் தனியாக இருந்தார். மாமி இறந்து நெடுங்காலம். ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கடைசித் தரிப்பில் ரயில் ஏறி, நகர நடுவில் மாறி, இன்னொரு கடைசித் தரிப்பில் இறங்கினேன். ரொம்மன் தரிப்பைத் தாண்டியதும் பெட்டி அநேகமாகக் காலியாகிவிடும். காலியான பெட்டியில் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அவர் மேசையில் கணினியைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் கோப்பிக் குடுவை, பழுப்புப் பாலாடைக்கட்டி, ரொட்டி. திரையில் கறுத்த, முள்ளு முள்ளான எழுத்தில் ஒரு பக்கம்.

விஷயம் இதுதான். மாமாவின் தாய்வழியில் ஒரு மூதாதை சாக்சனியிலிருந்து வந்தவர். முன்னொரு காலத்தில் நோர்வேயின் கோங்ஸ்பேர்க் வெள்ளிச் சுரங்கத்துக்கு ஜேர்மனியிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். அவர்களில் ஒருவர். அவருடைய தகப்பன் சாக்சனியில் ஒரு சிறிய சுரங்க ஊரில் சுரங்க அதிகாரியாக இருந்தவர் என்று மாமா பல ஆண்டுகளாக நம்பி வந்தார். பெயர் பொருந்தியது, ஊர் பொருந்தியது. அதற்கு மேல் ஆதாரம் இல்லை. ஊரின் ஞானஸ்நானப் பதிவுகள் ஒரு தீயில் போய்விட்டன. மிஞ்சியவை அடக்கப் பிரசங்கங்கள்.

அந்தக் காலத்தில் லூத்தரன் ஊர்களில் வசதியுள்ள ஒருவர் இறந்தால், போதகர் ஆற்றிய பிரசங்கத்தைக் குடும்பத்தார் புத்தகமாக அச்சடித்து உறவினருக்குக் கொடுப்பார்கள். பெரும்பகுதி வேதவசன விளக்கம். ஆனால் கடைசியில் இறந்தவரின் வாழ்க்கை வரும். எங்கே பிறந்தார், தகப்பன் யார், தாய் யாருடைய மகள், பாட்டன் பாட்டி என்ன தொழில் செய்தார்கள், ஞானப்பெற்றோர் யார், யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளைகள், எவை இருக்கின்றன, எவை முந்திப் போயின. அதற்குப் பிறகு நோயும் கடைசி மணித்தியாலங்களும். வம்சம் தேடுகிறவர்களுக்கு இவை பொக்கிஷம். நூலகங்கள் இவற்றைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கின்றன. மாமாவுக்குப் பள்ளிக்கூட ஜேர்மன் கொஞ்சம் தெரியும். ஆனால் அந்தப் பழைய எழுத்தில் எஸ் எது எஃப் எது என்று அவரால் பிரிக்க முடியவில்லை. ஒரு வசனம் அரைப் பக்கம் ஓடும். வினைச்சொல் கடைசியில் எங்கோ ஒளிந்திருக்கும்.

"வேதாகமம் வேண்டாம். நேராக வாழ்க்கைக்குப் போ," என்றார்.

போனேன். ஒரு மருந்துக்கடைக்காரர். பிறகு ஒரு நகரசபை உறுப்பினரின் விதவை. நான் வாசித்து நோர்வே மொழியில் சொல்ல, அவர் பெயர்களைத் தட்டச்சு செய்தார். அந்த ஊரில் யார் யாருக்கு உறவென்று வலை பின்னி, அதில் தன் ஆளைப் பிடிப்பது அவருடைய திட்டம். நோயைப் பற்றிய பகுதி வந்ததும் கையை உயர்த்தினார்.

"அதை விடு."

"கடைசி நேரம் எழுதியிருக்கிறார்."

"அது எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். போதகர் தன்ரை பாட்டுக்கு எழுதுவார். பேர் வாற இடத்தை மட்டும் சொல்லு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெயர்களையும் உறவுகளையும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அதே குடும்பத்தார், ஆகையால் அதில் பொய் சொல்ல முடியாது. புகழ்ச்சியை நம்பக் கூடாது. எல்லோரும் பொறுமைசாலிகள். எல்லோரும் கைகூப்பி, ஒரு கீதத்தின் அடியைச் சொல்லி, விளக்கு அணைவதுபோல அணைந்தார்கள். நாங்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனோம். குளிர்காலம் முழுக்கத் தாண்டிப் போனோம்.

டாக்டர் தந்த சீக்மெல்டிங் என்ற நோய் விடுப்பை முடிக்காமலே வேலைக்குத் திரும்பியிருந்தேன். கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. அதில் பிழை விடவில்லை. வீட்டுக்கு வந்தால் உடுப்புத் தோய்த்தேன், மடித்தேன், அடுத்த நாள் வேறு உடுப்புத் தோய்த்தேன். அவளுடைய அலுமாரியைத் திறந்து பார்த்தேன். மூடினேன். அழுகை வருமென்று காத்திருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கிழமையில் ஒரு நாள் மட்டும் போவதற்கு ஓர் இடம் இருந்தது. அங்கே நான் அழ வேண்டுமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இதற்கிடையில் அம்மா ஜேர்மனியிலிருந்து தொலைபேசி எடுத்தா.

"முப்பத்தொண்டுக்கு ஒண்டும் அடிக்கேல்லையோ?"

"என்னத்தை?"

"கல்வெட்டு. ஒரு நினைவு மலராவது. அவள் எங்கடை வீட்டு மருமகள் எல்லோ? ஒண்டும் அடிக்காமல் விட்டால் சனம் என்ன நினைக்கும்?"

யாழ்ப்பாணத்தார் செத்தவீட்டின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் சிறு புத்தகத்தைக் கல்வெட்டு என்பார்கள். படம், தேவாரம், இறந்தவரின் சரித்திரம், வம்சாவளி, பிரிவால் துயருறுவோர். அம்மாவிடம் அப்படி ஒரு பெட்டி நிறைய இருந்தது. நான் மாமாவுக்கு வாசிப்பதும் கிட்டத்தட்ட அதுதான் என்று சொன்னேன்.

"வெள்ளைக்காரரும் அடிச்சவையோ?" அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "ஆர் ஆர் பிள்ளை, ஆரைக் கட்டினது எண்டெல்லாம் போட்டோ?"

"ஓம் அம்மா. எல்லாம் போட்டு."

"அப்ப நல்ல சனம்தான்," என்றா. பிறகு, "சம்பந்தியிட்டைக் கேட்டு அவளின்ரை அப்பப்பா அம்மம்மாவின்ரை பேருகளை எடுத்து அனுப்பு. நான் இஞ்சை அடிப்பிக்கிறன்."

நான் கேட்டதும் மாமா ஏழு தலைமுறை சொன்னார். மூன்று போதும் என்றேன். சில வாரங்களில் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் அவள், மழைச்சட்டையில் சிரித்துக்கொண்டு. நோர்வேப் பெயர்கள் தமிழெழுத்தில் தாறுமாறாகப் போயிருந்தன. மாமியின் பெயரை வாசித்தால் வேறு யாரோ போலிருந்தது. மாமா பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"இதிலை கடைசி நேரம் எழுதியிருக்கோ?"

"இல்லை. சிவபதம் அடைந்தார் எண்டு மட்டும் போடுவினம்."

"நல்லது," என்று சொல்லிப் புத்தகத்தை அலுமாரித் தட்டில் வைத்தார்.

அந்தத் தட்டில் ஒரு படமும் இருந்தது. சாக்சனியின் அந்தச் சுரங்க ஊர்த் தேவாலயத்தின் வாசலில் அவள் நிற்கிறாள். இருபது வயது சொச்சம். கையில் ஐஸ்கிரீம். அப்பாவும் மகளுமாகக் கார் ஓட்டிக்கொண்டு போய், தங்கள் மூதாதைகள் கும்பிட்ட கோயிலைப் பார்த்துவிட்டு வந்தார்களாம். மாமா அதைப் பற்றி உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரைகூட எழுதியிருந்தார்.

பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிறு, நான் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, "கிடைச்சிட்டுது," என்றார். அவர் தேடிய சுரங்க அதிகாரியின் மனைவிக்கு ஆற்றிய பிரசங்கம். ஏதோ ஒரு சிறிய நூலகம் அதைப் புதிதாகப் படம் பிடித்துப் போட்டிருந்தது. சட்டைக்கு மேல் நல்ல கம்பளி மேலாடை ஒன்று போட்டிருந்தார். விருந்தாளி வருவதுபோல.

உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். பெண்ணின் பிறப்பு, தகப்பன், தாய், ஞானப்பெற்றோர். கல்யாணம். பிறகு பிள்ளைகள். அந்தப் போதகர் ஒழுங்கானவர். பிள்ளைகளை மூத்ததிலிருந்து வரிசையாகச் சொல்லியிருந்தார். மாமாவின் மூதாதையின் பெயர் நடுவில் வந்தது. என் கண் அந்த வசனத்தின் கடைசிக்கு ஓடி, அங்கே ஒளிந்திருந்த வினைச்சொல்லைக் கண்டது. நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

"என்ன?"

"மகன் இருக்கிறான். அதே பேர்."

"ஓம்?"

"ரெண்டு வயசிலை செத்துப் போனான். அம்மை நோய். கோயிலுக்குள்ளை புதைச்சிருக்கினம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் காலத்திலை செத்த பிள்ளையின்ரை பேரை அடுத்த பிள்ளைக்கு வைப்பினம். பிறகு வாறதுகளைப் பார்."

பார்த்தேன். அந்தப் பெயர் திரும்ப வரவில்லை. பிறகு பிறந்த ஆண்பிள்ளைகளில் ஒருவன் போதகர், ஒருவன் தகப்பனின் தொழிலில், இன்னொருவன் மாணவன். நோர்வே என்ற சொல் எங்கும் இல்லை. மாமா மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடி வாசித்தேன். விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அந்தப் பிள்ளை இரண்டு வயதிலேயே நின்றது.

"அப்ப அவை எங்கடை ஆக்கள் இல்லை," என்றார்.

"இல்லைப் போலை கிடக்கு."

"இல்லை." எழுந்து போய்த் தட்டிலிருந்த படத்தைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆற்றையோ கோயிலுக்குப் போய் நிண்டிருக்கிறம்." பிறகு, "ஐஸ்கிரீம் நல்லாயிருந்தது. அவள் ரெண்டு வாங்கினவள்."

படத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் கணினியை மூடப் போனேன்.

"மிச்சத்தையும் வாசி," என்றார்.

"மிச்சம் வருத்தமும் சாவும்தான்."

"தெரியும். வாசி."

வாசித்தேன். அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் காய்ச்சல். நாற்பது வயதாகவில்லை. ஒரு வாரம் கிடந்திருக்கிறாள். போதகர் வழக்கப்படி அவளுடைய பொறுமையைப் புகழ்ந்திருந்தார். வழக்கப்படி கீதமும் வந்தது. ஆனால் இடையில் வழக்கமில்லாத ஒன்றையும் எழுதியிருந்தார். தகப்பன் வேறு ஊரிலிருந்து குதிரையில் வந்துகொண்டிருந்தார் என்றும், மகள் கதவுப் பக்கம் பார்த்துப் பார்த்துக் கிடந்தாள் என்றும், அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்றும். நான் அதை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல்தான் சொன்னேன். அப்போது என்னிடம் வேறு குரல் இருக்கவில்லை.

மாமா மேசையிலிருந்த ரொட்டித் துகள்களை விரலால் ஓர் இடத்தில் சேர்த்தார்.

"அவள் எப்படிப் போனவள்?" என்று கேட்டார்.

யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த நாட்களில் அவர் தினமும் வந்தார். அன்று காலை மட்டும், உடுப்பு மாற்ற வெஸ்ட்லிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது தாதி முகத்தைத் துடைத்து, போர்வையைச் சரிசெய்து வைத்திருந்தாள். அவர் போர்வையின் ஒரு மூலையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். பிறகு தாதியிடம், காரை முன்வாசலில் விட்டிருக்கிறேன், எவ்வளவு நேரம் விடலாம் என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. குளிர்காலம் முழுக்க.

"நித்திரையாய் இருந்தவள்," என்றேன். "பிறகு கண் முழிச்சவள்."

"உன்னைத் தெரிஞ்சுதோ?"

"ஓம். இண்டைக்குப் புதன்கிழமையோ எண்டு கேட்டவள்."

"புதன்கிழமையோ?"

"ஓம். இல்லை, வியாழன் எண்டு சொன்னன். அப்ப சரி எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினவள். கையிலை ஊசி குத்தியிருந்தபடியால் நான் காலைத்தான் பிடிச்சுக்கொண்டிருந்தனான். மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒருக்கா நிண்டுது. அடுத்தது வரும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். தாதி வந்துதான் சொன்னவ."

"நோவோ?"

"இல்லை. மருந்து ஏறிக்கொண்டிருந்தது."

"என்னைக் கேட்டவளோ?"

இங்கே வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு போதகர் என்றால் சொல்லியிருப்பார். நாங்கள் ஒரு குளிர்காலம் முழுக்க அப்படியான பக்கங்களைத் தாண்டி வந்த ஆட்கள்.

"இல்லை," என்றேன். "புதன்கிழமையை மட்டும்தான் கேட்டவள்."

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே, எதிர் மாடியில் ஒருத்தி பால்கனியில் கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தாள்.

"சின்னனிலை அவளைப் புதன்கிழமையிலைதான் நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போறனான்," என்றார். பிறகு தலையை ஆட்டினார். "அதாய் இருக்காது."

"தெரியேல்லை."

"இல்லை. அதாய் இருக்காது." மூக்கைச் சீந்திக்கொண்டார். "உண்மையைச் சொன்னது நல்லது."

பிறகு கணினியை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் திருப்பினார். வம்சமரம் வரையும் நிரலைத் திறந்து, அந்தச் சுரங்க அதிகாரியின் கிளையைத் தேர்ந்தெடுத்து அழித்தார். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. ஆம் என்று அழுத்தினார். மருந்துக்கடைக்காரர், நகரசபை உறுப்பினர், அவர் விதவை, ஞானப்பெற்றோர், நாங்கள் ஞாயிறு ஞாயிறாகச் சேர்த்த அத்தனை பேரும் ஒரு நொடியில் போனார்கள். கோங்ஸ்பேர்க்குக்கு வந்தவர் மட்டும் மேலே தகப்பனில்லாமல் நின்றார். "இனி சங்கத்துக்கும் எழுத வேணும், கட்டுரை பிழை எண்டு," என்றார். அன்று கோப்பி ஆறிப்போயிருந்தது. இருவரும் அதையே குடித்தோம்.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். அவள் இறந்த விதத்தை அன்றுதான் முதன்முதலாக ஒருவருக்கு வாய்விட்டுச் சொன்னேன். ஏதாவது உடைய வேண்டும், அல்லது இளக வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. எதிரே இருந்த இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடப் பரீட்சையைப் பற்றி அரைத் தமிழும் அரை நோர்வே மொழியுமாகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்த்தேன்.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. வாசிக்க ஒன்றும் இல்லை. மாமாவின் மற்றக் கிளைகள் எல்லாம் நோர்வேக்காரர். அவர்களுடைய தேவாலயப் பதிவுகளை வாசிக்க அவருக்கு நான் தேவையில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. அன்று முழுவதும் என்ன செய்தேன் என்று இப்போது நினைவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை தொலைபேசி அடித்தது.

"இனி ஜேர்மன் இல்லை," என்றார் மாமா, வணக்கம் எதுவும் சொல்லாமல்.

"ஓம். தெரியும்."

"பால்கனிக் கதவு இறுகிப் பிடிக்குது. நாளைக்கு உனக்கு நேரமிருக்கோ?"

"இருக்கு."

"மீன் வாங்கி வைக்கிறன்."

போனேன். பால்கனிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். கொஞ்சமும் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அவர் பின்னால் எண்ணெய்க் குப்பியோடு நின்றார்.

"பிணைச்சலுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகும்," என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சனான்," என்றார்.

எண்ணெய் விட்டோம். அவர் கீழே உள்ள பிணைச்சலுக்குக் குனிய முடியாமல் எனக்குக் குப்பியைத் தந்தார். பிறகு அவித்த கொட் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. யார் முன்னுக்கு நிற்கிறார்கள் என்று இடையிடையே சொன்னார். போட்டி முடிவதற்கு முன்பே கதிரையில் நித்திரையாகிவிட்டார். நான் கோப்பைகளைக் கழுவி வைத்தேன். எழுப்பிச் சொல்லிவிட்டுப் போவதா, அப்படியே போவதா என்று தெரியாமல், அவர் விழிக்கும்வரை உட்கார்ந்து போட்டியின் மிச்சத்தைப் பார்த்தேன்.